ஆறியபின் சுற்றிய சக்கரம்

அன்பு மச்சான் செபாவுக்கு,

உன்னைத் திட்டித்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். ஆறு வருஷமாக வாய்வரை வந்ததை விழுங்கி விழுங்கி எனக்கு வயிற்றுப் புண்ணே வந்துவிட்டது. காரத்தைக் குறைக்கச் சொல்கிறார் டாக்டர். காரம் என்னடா செய்தது? எல்லாம் நீ செய்தது.

நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் இதை ஊரறிய எழுதுகிறேன். உன்னைப் பற்றிப் பேசியவர்களும் ஊரறியத்தானே பேசினார்கள்?

முதலில் வீட்டுச் செய்தி. ஜாலான் புசார்த் தெருவில் நாம் எல்லோரும் ஒன்றாகக் கிடந்த கடைவீட்டை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. எங்களுக்குத் தீவின் கிழக்குக் கோடியில், தெம்பனிஸில் அடுக்குமாடி வீடு. லிஃப்ட் உண்டு, நல்ல காற்று உண்டு, பக்கத்து வீட்டுச் சண்டை மட்டும் சரியாகக் காதில் விழுவதில்லை. சாமான் கட்டும்போதுதான் பின்கட்டில் கான்வாஸ் மூடிக் கிடந்த உன் மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேச்சு வந்தது. புது வீட்டுக்குக் கீழே வண்டி நிறுத்த இடம் இருக்கிறது, ஆனால் ஓடாத வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த முடியாது. ஓட வைக்க வேண்டும், இல்லை பழைய இரும்புக்குப் போட வேண்டும். தெரசாவிடம் கேட்டேன். உன் பெண்டாட்டியிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது?

"ஓட வச்சு வித்துடுண்ணே. என் கண்ணுல படாம இருந்தா போதும்" என்றாள்.

உன்னை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு என் தங்கை உன் கல்லறைக்கு வந்ததே இல்லை. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் நான் மட்டும் மெழுகுவத்தியோடு வந்து நின்றபோது நீ என்ன நினைத்தாய்? அவளுக்கு உடம்பு சரியில்லை என்று உன்னிடம் பொய் சொல்லிக்கொண்டு நின்றேன். அவளுக்கு உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மனசுதான் ஆறவில்லை.

காரணம் உனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் நீ குடித்துவிட்டு ஆடிய ஆட்டம் கொஞ்சமா? கடைசியில் அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் தெரசாவின் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தாய். இரண்டு வருஷம் ஒழுங்காக இருந்தாய். அப்புறம் காத்தோங்கில் அந்தக் கல்யாண விருந்து. தெரசாவுக்கு அன்றைக்குத் தொழிற்சாலையில் வேலை, எனக்குத் துறைமுகத்தில் வேலை. நீ தனியாகப் போனாய். பட்டப்பகல், காய்ந்த ரோடு, வளைவே இல்லாத நேர்ப்பாதை, முன்னாலும் பின்னாலும் வண்டி இல்லை. அங்கே விழுந்து செத்தாய். உன் சட்டையில் பீர் வாடை அடித்தது.

விருந்தில் நீதான் எல்லோருக்கும் பாட்டில் திறந்து ஊற்றினாய் என்று ஒருவர் சொன்னார். உன் கையிலும் ஒரு கிளாஸ் இருந்தது என்று இன்னொருவர் சொன்னார். உன் ரத்தத்தைச் சோதித்தார்களா என்று கேட்கக்கூட அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை. வண்டியைச் சோதித்த போலீஸ்காரர்கள் மறுநாள் என் கண்முன்னால் கியரில் போட்டு உருட்டிக் காட்டினார்கள், சக்கரம் சுற்றியது. கிக்கரை மிதித்தார்கள், இறங்கியது. பிரேக்கும் சரியாக இருந்தது. வண்டியில் ஒரு குறையும் இல்லை என்றால் குறை யாரிடம்? நெருப்பில்லாமல் புகையுமா என்று கோயில் வாசலிலேயே பேசிக்கொண்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

சத்தியத்தை மீறிச் செத்தவனுக்காகத் தெரசாவால் அழ முடியவில்லை. அழாமலேயே ஆறு வருஷம் இருந்துவிட்டாள். நான் சொல்வது புரிகிறதா உனக்கு?

சரி, வண்டிக்கு வருகிறேன். கான்வாஸை எடுத்தபோது எலி சீட்டுக்குள் குடும்பமே நடத்தியிருந்தது. டாங்க் உள்ளே துரு. இன்ஜின் இறுகிப்போய்க் கிடந்தது. அது ஈரத்தில் பிடித்த துருதான் என்று நினைத்து, பிளக் ஓட்டை வழியாக மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டேன். நான் துறைமுகத்தில் டீசல் ஃபோர்க்லிஃப்ட் பழுதுபார்க்கிறவன், உன் டூ-ஸ்ட்ரோக் எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. 'டீசல் மூக்கா, உனக்கு இதெல்லாம் விளங்காது' என்று நீ என்னைக் கேலி செய்வாயே. விளங்கித்தான் தொலைத்தது, மச்சான்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சிலிண்டரைக் கழற்றினேன். தெரசா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பினாள். நான் பிஸ்டனை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். துரு சுற்றிலும் பழுப்பாக இருந்தது, அது நான் எதிர்பார்த்ததுதான். ஆனால் புகை வெளியேறும் பக்கத்தில் மட்டும் மேலிருந்து கீழாக ஆழமான கீறல்கள். பிஸ்டனின் அலுமினியம் உருகி சிலிண்டர் சுவரில் அப்பியிருந்தது. துரு அப்படிச் செய்யாது. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன்.

"என்னண்ணே?" என்றாள் தெரசா.

சொல்வதா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் தவித்தேன். பிறகு சொன்னேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிஸ்டன் சிலிண்டருக்குள் பிடித்துக்கொண்டிருக்கிறது, பிடித்த நொடியிலேயே பின்சக்கரமும் நின்றிருக்கும், அந்த வேகத்தில் சக்கரம் நின்றால் குடிக்காதவனும் விழுவான் என்று சொன்னேன்.

அவள் நம்பவில்லை. மறுநாள் சக்கரம் சுற்றியதே என்று கேட்டாள். நான் அவள் கையைக் காட்டினேன். வீங்கிய கையில் வளையல் இறுகுகிறது, வீக்கம் வடிந்தால் தானாகக் கழல்கிறது. பிஸ்டனும் சூட்டில் வீங்கிப் பிடித்துக்கொள்ளும், ஆறினால் விட்டுவிடும். மறுநாள் உருட்டிப் பார்த்தவர்களுக்குச் சக்கரம் சுற்றத்தான் செய்யும். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கும் அன்றைக்கு அது உறைக்கவில்லை.

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப அவரு குடிக்கலையா?" என்றாள். நான் என்ன சொல்வது? நீ குடித்தாயா இல்லையா என்று இந்த இரும்பு சொல்லாது. நீ எதனால் விழுந்தாய் என்று மட்டும்தான் சொல்லும். அதைத்தான் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

ஆனால் ஏன் பிடித்தது என்று பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. உன் வண்டி பெட்ரோலோடு ஆயிலையும் சேர்த்துக் குடித்து எரிக்கிற வண்டி. ஆயில் குறைந்தால் பிஸ்டன் காய்ந்து பிடித்துக்கொள்ளும். ஆயிலை அளந்து கொடுக்கிற சின்னப் பம்ப்பின் மூடியைத் திறந்தேன். கேபிள் ரொம்பத் தளர்ந்திருந்தது, தளர்ந்தால் ஆயில் குறைவாகத்தான் போகும். சரியான அளவுக்குக் கம்பெனி போட்ட குறி எங்கேயோ இருக்கிறது, பம்ப் எங்கேயோ நிற்கிறது. ஓட்டத்தின் அதிர்வில் தானாகத் தளர்ந்திருக்கும் என்று தெரசாவிடம் சொன்னேன். பொய். பூட்டு நட்டு கல் மாதிரி இறுக்கமாக இருந்தது. யாரோ வேண்டுமென்றே தளர்த்தி, நன்றாக முறுக்கிப் பூட்டியிருந்தார்கள்.

"தானாத் தளரலைண்ணே. அவருதான் குறைச்சாரு. நான்தான் டார்ச் பிடிச்சேன்" என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பூசைக்கு உன் பின்னால் உட்கார்ந்து போகும்போது நீலப்புகையில் அவள் வெள்ளைச் சேலையின் முந்தானை முழுக்க ஆயில் புள்ளி விழுமாம். துவைத்துத் துவைத்துக் கை வலிக்கிறது என்று அவள் முணுமுணுத்திருக்கிறாள். நீ உடனே ஸ்பேனரை எடுத்திருக்கிறாய். அடுத்த வாரமே புகை குறைந்தது. சேலை வெள்ளையாக இருந்தது. அவளுக்கு ஒரே சந்தோஷமாம்.

ஏன்டா, பெண்டாட்டி பேச்சைக் கேள் என்று உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? அப்போதெல்லாம் நீ கேட்டதே இல்லையே. கேட்காத காலத்தில் குடித்தாய், கேட்க ஆரம்பித்த காலத்தில் செத்தாய். உன்னை என்ன செய்வது?

அதற்குப் பிறகு ஒரு வாரம் அவள் பின்கட்டுப் பக்கம் வரவில்லை. சோறு சாப்பிட்டாளா என்பதே சந்தேகம். ஒரு பாரத்தை இறக்கிவிட்டு அதைவிடப் பெரிய பாரத்தை அவள் தலையில் ஏற்றிவிட்டேனோ என்று அதே யோசனையாக இருந்தேன். வேலையில் கழற்றி மாட்டியதையே மறுபடி கழற்றிக்கொண்டு நின்றேன், ஃபோர்மேன் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவளே என்னிடம் வந்தாள். "வண்டிய ஓட வைண்ணே. விக்க வேண்டாம்" என்றாள். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

செய்தேன், மச்சான். சிலிண்டரைச் சீனர் ஆ செங்கின் பட்டறையில் கொடுத்து ஒரு சைஸ் பெரிதாகக் குடைந்து, அதற்கேற்ற புதுப் பிஸ்டன் போட்டேன். நீ அடிக்கடி உப்புத்தாள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பாயே, பொறி கிளப்புகிற அந்தப் பாயின்ட், அதைத் தூக்கிக் கடாசிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் வைத்தேன். ஆறு வோல்ட்டைப் பன்னிரண்டாக்கி, மின்மினிப்பூச்சி மாதிரி எரிந்த உன் முன்விளக்கை விளக்காக்கினேன். பின்னால் நல்ல ஸ்பிரிங். நீ இருந்திருந்தால் பழையதுதான் அழகு என்று என்னோடு மல்லுக்கு நின்றிருப்பாய். நில்லேன் பார்ப்போம். ஆயில் பம்ப்பைக் குறிக்குச் சரியாக வைத்து, அதற்கு மேல் ஒரு மயிரிழை கூட்டியும் வைத்தேன். இவ்வளவு புகை எதற்கு என்று ஆ செங் கேட்டார். புகையட்டும் லா என்றேன்.

முதல் தடவை ஸ்டார்ட் ஆனபோது அந்தச் சத்தம் பின்கட்டுச் சுவரில் மோதித் திரும்பியது. தெரசா சமையலறையிலிருந்து ஓடிவந்தாள், முகம் வெளுத்துப்போய். அந்தச் சத்தத்தைத்தானே அவள் தினமும் சாயங்காலம் காதைத் தீட்டிக்கொண்டு எதிர்பார்ப்பாள்? நான் இன்ஜினை அணைத்துவிட்டேன். "அணைக்காதண்ணே" என்றாள்.

வண்டி அரசாங்கச் சோதனையில் தேறி, வரி கட்டி, சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தும் ஆயிற்று. அதற்குள் நாங்கள் தெம்பனிஸ் போய்விட்டோம். போன சனிக்கிழமை காலையில் தெரசா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து பின்னால் ஏறி உட்கார்ந்தாள். கோயிலுக்கா, காத்தோங்குக்கா என்று கேட்டேன்.

"சுவா சூ காங்குக்குப் போ."

நீ படுத்திருக்கிற இடம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. தீவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு! புதுப் பிஸ்டன் பழகும்வரை நீண்ட தூரம் ஓட்டக் கூடாது, சூடேறினால் மறுபடியும் பிடிக்கும் என்று கத்தினேன். அப்படியென்றால் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று இறங்கப் பார்த்தாள். பிடிவாதத்தில் உனக்கேற்ற பெண்டாட்டி. போனோம்.

வழியில் பல தடவை நிறுத்தி நிறுத்தி இன்ஜினை ஆறவிட்டேன். ஓடுகிற நேரமெல்லாம் கிளட்ச் மேல் இரண்டு விரல் வைத்தபடியேதான் ஓட்டினேன், இன்ஜின் நின்றால் உடனே பிடித்துச் சக்கரத்தை விடுவிக்க. விரல் மரத்துப்போயிற்று. புக்கிட் தீமா ஏற்றத்தில் திடீரென்று சத்தம் தடுமாறியது. என் உயிர் என்னிடம் இல்லை. கிளட்ச்சைப் பிடித்துவிட்டேன். தெரசாவின் நகம் என் தோளில் இறங்கியது. வண்டி சத்தமில்லாமல் உருண்டு ஓரமாக நின்றது. குனிந்து பார்த்தால், பெட்ரோல் ரிசர்வுக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

தெரசா சிரிக்கவில்லை. "அவருக்கும் இப்படித்தான் இருந்திருக்குமாண்ணே?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். உனக்குக் கிளட்ச்சைப் பிடிக்க நேரம் கிடைத்திருக்காது, பயப்படவும் நேரம் கிடைத்திருக்காது என்றேன். அது உண்மைதானா, மச்சான்? உண்மையாக இருக்கட்டும்.

அப்புறம் நடந்ததுதான் உனக்குத் தெரியுமே. நீ அங்கேதானே இருந்தாய். உன் கல்லறைக்கு முன்னால் வந்து நின்றாள். ஜெபம் சொல்வாள் என்று நினைத்தேன். திட்டினாள். "சேலை போனாப் போகுது, ஆயில ஊத்தித் தொலைச்சிருக்கலாம்ல? நான் சொன்னா உடனே செஞ்சிடுவீங்களா?" என்று கத்திவிட்டு, ஆறு வருஷ அழுகையையும் அங்கேயே அழுதாள். பக்கத்துக் கல்லறையில் பூ வைத்துக்கொண்டிருந்த சீனக் கிழவர் எழுந்து போய்விட்டார்.

நான் அவளைத் தேற்றப் போனேன். அவள்மேல் தப்பில்லை, யாருக்கும் இது தெரிந்திருக்காது என்று ஏதேதோ உளறினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"விடுண்ணே. அவரு எனக்குச் செஞ்ச சத்தியத்த மீறிட்டாருன்னு நினைச்சு, அதைத்தான் என்னால சுமக்க முடியலை. இது என் சேலை. இதை நான் சுமந்துக்குவேன்."

மச்சான், வண்டியை விற்கவில்லை. மாசா மாசம் அவளை உன்னிடம் கூட்டிக்கொண்டு வருவேன். மெதுவாகத்தான் வருவோம், புகை விட்டுக்கொண்டு வருவோம், பத்திரமாகத் திரும்பக் கொண்டுபோய் விடுவேன். உன்னைக் குடிகாரன் என்று சொன்னவர்கள் வீட்டுக்கு வரட்டும். நான் வாயைத் திறக்க மாட்டேன். இனிமேல் உன் பெண்டாட்டியே பதில் சொல்வாள்.

என்றும் உன் மச்சான்,
தெரசாவின் அண்ணன்,
ஆரோக்கியம்