பழுப்புப் புள்ளி

14.12.2008, ஞாயிறு

ராஜ்மாவை மசித்துச் சப்பாத்தியில் சுருட்டினால் அது எப்படி மெக்சிகோ ஆகும்? பக்கத்துத் தெரு கன்னியம்மாள் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தம்பி ஸ்ரீதர் பெங்களூரில் ஒரு ஓட்டலில் ஆறு வருடம் இதைத்தான் செய்தானாம். அரக்கோணம் சாலையில் கடை போட்டு ஒரு மாதம். பலகையில் மெக்சிகோவைவிடப் பெரிய எழுத்தில் 'சுத்த சைவம்'. கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு ரயில் இறங்கியதும் கல்லாவில் நான்.

"ஊர்ல கிடைக்கிறதயே சுருட்டிக் குடுக்கிறீங்க, இதுக்கு ஒரு பேரு வேற," என்றார் கன்னியம்மாள். இன்னொன்று கட்டி வாங்கிக்கொண்டு போனார்.

19.12, வெள்ளி

பொதட்டூர்பேட்டை லுங்கி வியாபாரி பங்காரு இன்றும் வந்தார். சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார். ஒரு வாரமாகத் தினமும் ராஜ்மா ரோல். "விரதத்துல நாக்கு செத்துப்போச்சு மேடம். உங்க தம்பிதான் உயிர் குடுத்துகினு இருக்காரு." மற்ற கடைகளில் முட்டை போட்ட கல்லிலேயே எல்லாம் போடுகிறார்கள் என்று தண்ணீர்கூடக் குடிப்பதில்லையாம்.

24.12

வெறும் ராஜ்மாவுக்கு இந்த ருசி வருமா? வீட்டில் செய்து பார்த்தேன். வரவில்லை.

28.12, ஞாயிறு

பங்காரு தன் குழுவிலுள்ள ஐந்து சாமிகளையும் கூட்டி வந்தார். ரசித்துச் சாப்பிட்டார்கள். அவர்கள் போனதும் மிளகாய்த்தூளுக்காக மேல்தட்டைத் துழாவினேன் — ஒரு மஞ்சள் டப்பா. கோழிச் சாற்றுப் பவுடர். ஓரத்தில் அசைவத்துக்கான பழுப்புப் புள்ளி.

"ஒரு ஸ்பூன்தான்க்கா. கறியா போட்டேன்?"

"பலகைல என்ன எழுதியிருக்க?"

"நீதான் சாமியே இல்லன்ற ஆளு. உனுக்கு இன்னாத்துக்கு இது?"

டப்பாவைச் சாக்கடையில் கொட்டினேன்.

29.12

பாவம் புண்ணியம் எதையும் நான் நம்பியதில்லை. ஆனா அந்த ஆளு பலகைய நம்பித்தானே வாயில வச்சாரு? ஆய்வுக்கூடத்தில் சீட்டு மாறி ஒட்டிய ஒரு புட்டிக்காக மாணவிகளை வெளியே நிறுத்துகிறவள் நான். சொன்னால் கடை போய்விடும். ஸ்ரீதரின் மனைவி சுஜாதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒன்னாந்தேதி அவங்க சபரிமலைக்குக் கிளம்பிடுவாங்க அண்ணி. அதுவரிக்கும் வாய மூடிக்கினு இருங்க, உங்க கால்ல உழுறேன்."

30.12

சொல்லவில்லை. பங்காரு வருவதைப் பார்த்ததும் பின்கட்டுக்குப் போய்விட்டேன். சீ.

31.12, புதன்

மலைக்கோயிலில் வருடக் கடைசிப் படித்திருவிழா. மலைப்படி நெடுகக் கூட்டம், பஜனை. அடிவாரத்தில் பங்காருவைத் தனியே அழைத்துச் சொல்லிவிட்டேன். மூன்றே வாக்கியம். கத்துவார் என்று காத்து நின்றேன்.

"எத்தினி நாளா?"

"ஆரம்பத்திலேர்ந்தே."

"அந்த அஞ்சு பேருகிட்ட சொல்லாதீங்க மேடம்."

"அவங்களும் சாப்பிட்டாங்களே."

"தெரியாம துன்னதுக்கு ஐயப்பன் கேக்க மாட்டான். எனக்குத்தான் இப்ப தெரிஞ்சுபோச்சே." மாலையைக் கையால் மூடிக்கொண்டார். "நகரியில எங்க பங்காளி ஒருத்தன், போன வருசமே செத்துப் பூட்டான். இவங்களுக்குத் தெரியாது. அவன இன்னொரு தபா சாவடிச்சுக்கிறேன். தீட்டுன்னு மாலைய கழட்டிட்டா எவனும் கேள்வி கேக்க மாட்டான்."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் சொல்லாமல் இருந்திருந்தால் நாளைக்கு அவரும் வேனில் போயிருப்பார் — அப்ப யாருக்காகச் சொன்னேன்? அவருக்கா, எனக்கா?

1.1.2009, வியாழன்

காலை ஏழு மணிக்கு வேன் போயிற்று. ஐந்து பேர்.

பதினோரு மணிக்குப் பங்காரு கடைக்கு வந்தார். கழுத்தில் மாலை இல்லை. வெள்ளைச் சட்டை, மழித்த முகம். முதலில் எனக்கு ஆளே தெரியவில்லை.

"சாமி..." என்று ஆரம்பித்தான் ஸ்ரீதர்.

"சாமியெல்லாம் இல்லப்பா. ரோல் ஒன்னு குடு."

ஸ்ரீதர் சுருட்டிக் கொடுத்தான். பங்காரு பாதி தின்றார்.

"முன்ன இருந்த ருசி இல்ல," என்றார்.

ஸ்ரீதர் தலை நிமிரவில்லை. மீதியையும் தின்றுவிட்டுப் போனார்.