சுந்தரி குட்டிகளை மாற்றிய காலை

கடலூர் ஓ.டி.
25.3.2007, ஞாயிறு

அன்பு மகன் பாலகுமாருக்கு அம்மா சொல்லச் சொல்ல கனிமொழி எழுதுவது. இங்கே அப்பா, நான், தங்கச்சி மூவரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அந்த வெயில் ஊரில் நீயும் மூன்று வேளை சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று சேதி வந்தால் அதுவே போதும். சபாபதி மாமா லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை தோஹா திரும்புகிறார், அவரிடம் பருப்புப் பொடியும் மாங்காய்த் தொக்கும் கொடுத்து அனுப்புகிறேன், ஈரக் கையால் எடுக்காதே, பூஞ்சை பிடித்துவிடும். ரூமில் யாரோடும் சண்டைக்குப் போகாதே. அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரை மாற்றியிருக்கிறார்கள். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

அண்ணா, மீதியைக் காலையில் சொல்கிறேன் என்று அம்மா படுத்துவிட்டாள். வேறு விசேஷம் இல்லை என்று எழுதியதிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தத் தாள் நான் தனியாக எழுதுவது. அப்பா ஹாலில் படுத்திருக்கிறார், விளக்கு ஏன் எரிகிறது என்று கேட்டால் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்பேன், எழுந்து வந்து பார்த்தால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. இதை மடித்து அம்மா கடிதத்துக்குள் வைத்து உறையை ஒட்டிவிடுவேன்.

மாசி மகத்துக்குத் தில்லையம்மா அத்தை சிதம்பரத்திலிருந்து வந்தபோது, கடற்கரைக் கூட்டத்துக்குப் பயந்து வைரத்தோட்டைக் கழற்றி, அம்மாவின் பழைய புடவை முந்தானையில் முடிந்து பரண் மேல் தகரப்பெட்டியில் வைத்தது உனக்குத் தெரியும். திரும்பும்போது அத்தை அதை மறந்துவிட்டுப் போனது. போன வாரம் சனிக்கிழமை எடுக்க வந்தது. முடிச்சு அவிழ்ந்து கிடந்தது, தோடு இல்லை. அப்பா உடனே விசாரணையில் இறங்கிவிட்டார். பால் பாக்கெட் திருடிய மாடி வீட்டு சடையப்பனை, நம் பூனை ஜமீன் கீறிய கீறலை வைத்தே அப்பா பிடித்ததிலிருந்து தெருவே அவரை சிஐடி சார் என்றுதானே கூப்பிடுகிறது. ஆள் பொய் சொல்லுவான், நகம் பொய் சொல்லாது என்று எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

சுந்தரி அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் குட்டி போட்டிருந்தது. கை படாமல் குட்டி போட்ட பூனை இடம் மாற்றாது, பரணில் யாரோ கை வைத்த பிறகுதான் சுந்தரி குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது என்று அப்பா சொன்னார். அது வரைக்கும் சரியாகத்தான் சொன்னார். குட்டிங்க என்னிக்கிப் போச்சி என்று அம்மாவைக் கேட்டார். பாலு கெளம்புன அன்னிக்கிக் காலையில என்று அம்மா சொன்னாள். அப்பா கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, குட்டிங்க இப்ப பொன்னி ஊட்டுலதானே இருக்கு, அப்ப அவதான் என்றார்.

நம் வீட்டில் ஒன்பது வருஷமாகப் பாத்திரம் கழுவுகிற பொன்னி அக்காவை அன்று சாயங்காலம் தெருவில் நிற்க வைத்துக் கேட்டார். பூனைக்குட்டிய நானா சார் தூக்கினு போனேன், அதுவா வந்துச்சி, பசிக்குதேன்னு பால் ஊத்துனேன், அது ஒரு குத்தமா என்று பொன்னி அக்கா அழுதது. இரண்டு கையையும் நீட்டி, பாரு சார், ஒரு கீறல் இருந்தா காட்டு என்றது. ஒன்றுமே இல்லை. தினமும் சபீனா தேய்ச்சிக் கழுவுற கை, ஆறிப்போயிருக்கும் என்றார் அப்பா. சிஐடி சார் சொன்னா கரெக்டா இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். மறுநாளே மற்ற மூன்று வீட்டிலும் பொன்னி அக்காவை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அண்ணா, நீ கிளம்புவதற்கு முந்தின ராத்திரி பரணிலிருந்து இறங்கியபோது நான்தான் உன் மணிக்கட்டுக்கு டெட்டால் போட்டேன். நாலு கோடு. தகரப்பெட்டி விளிம்பு கிழித்துவிட்டது, அம்மாவிடம் சொல்லாதே, பயப்படும் என்றாய். தகரம் எப்படி நாலு கோடாகக் கிழிக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பஸ் ஸ்டாண்டில் கைக்குட்டை கட்டியிருந்த உன் கையை அப்பா பார்த்தார். கையில் என்ன என்று கேட்க வாயெடுத்தவர், பஸ் வந்துடுச்சி என்று திரும்பிக்கொண்டார். பஸ் வர அதற்குப் பிறகு இருபது நிமிஷம் ஆனது.

விசாவுக்குப் பணம் கட்டச் சொல்லி ஏஜெண்ட் அவசரப்படுத்தினான் என்று எனக்குத் தெரியும். அம்மாவைக் கேட்டிருந்தால் தன் காதிலிருப்பதைக் கழற்றித் தந்திருப்பாள். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை, ஆனால் உன்னைவிட அப்பா மேல்தான் ஜாஸ்தி. வியாழக்கிழமை சுந்தரியையும் ஜமீனையும் சாக்கில் கட்டி, அத்தை வீட்டுக்குப் போகிற வழியில் சிதம்பரம் மீன் மார்க்கெட்டில் விட்டுவிட்டு வந்தார். தன் தட்டிலிருந்து மீன் எடுத்து ஊட்டினவர். எதுக்குப்பா என்று கேட்டேன். படிக்கிற வேலையைப் பாரு என்றார்.

பொன்னி அக்காவின் மகள் ஜெயராணி என்னோடுதான் பத்தாவது எழுத வேண்டியவள். அவர்கள் அடுத்த திங்கட்கிழமை வீட்டைக் காலி செய்துகொண்டு அண்ணாகிராமத்துக்கு முந்திரி உடைக்கிற வேலைக்குப் போகிறார்கள். முந்திரித்தோல் எண்ணெய் பட்டால் கைத் தோல் உரிந்துவிடுமாம். நேற்று ஜெயராணி தன் ஹால் டிக்கெட்டை என் கையில் கொடுத்து, நீ வச்சிக்க, எனக்கு எதுக்கு என்றாள். அது என் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்யும்போது அப்பா ஸ்பீக்கரில் போடுவார், அம்மாவும் இருப்பாள். அப்போது சொல்லிவிடு. நான் சொன்னால் நம்ப மாட்டார்கள், நம்பினாலும் அடித்து வாயை மூடிவிடுவார்கள். நீ சொன்னால்தான் ஜெயராணி பரீட்சை எழுதுவாள்.

இனி அம்மா காலையில் சொன்னது. என் ராசா, நீ போன இடத்தில் உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது, தில்லைக் காளி உன் கூடவே இருக்க வேண்டும், வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை, அப்பா மேல் கோபம் வைக்காதே. இவ்வளவு சொல்லிவிட்டு அம்மா பரணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அவன் கையில பூனை பிறாண்டுனது ஆறிடுச்சான்னு கேட்டு எழுதுடி என்றாள்.

அண்ணா, பூனை என்று நான் அம்மாவிடம் சொல்லவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
(எழுதியது கனிமொழி)