கொடுத்த கம்பளி

14 நவம்பர் 1979, புதன். ரிங்லெட்

புருணையில இங்கிலீஷ் டீச்சர் வேலை உறுதியாயிடுச்சு. ஜனவரியில சேரணும். அங்க வெயில் கொளுத்துமாம், வாசல்லேருந்தே கடல் தெரியுமாம். எனக்குப் பிடிச்சது அது இல்ல. இந்தத் தேயிலை மலையில மார்க்கெட்டுக்குப் போனாலும் நான் கங்காணி மகள். அங்க வெறும் இங்கிலீஷ் டீச்சர். என்னா சுகம்!

அந்தச் சந்தோஷத்துல சாயங்காலமே என் தடிக் கம்பளியைப் பக்கத்து வீட்டு அஞ்சலை அக்காகிட்ட கொடுத்துட்டேன். விடியக்காலையில குளிர்ல கொழுந்து பறிக்கப் போறவங்க. ஜனவரி வரைக்கும் நான் எதைப் போர்த்துறதுன்னு யோசிக்கவே இல்ல. ராத்திரி மழை பிடிச்சதும் ரெண்டு சுவெட்டர் போட்டும் பல்லு தந்தியடிச்சுது.

கதவைத் தட்டினாங்க. அக்காதான், கையில அதே கம்பளி.

"போற வரைக்கும் வச்சுக்குங்க லா, டீச்சர்."

வாங்கிக்கிட்டேன். படியிறங்கினவங்க திரும்பிப் பார்த்தாங்க.

"போகலன்னாலும் வச்சுக்குங்க."

போகாதேன்னு யார் சொன்னாலும் எனக்குச் சுள்ளுனு கோபம் வரும். இன்னிக்கு வரல. போகத்தான் போறேன், அதுல மாத்தமில்ல. ஆனா ஒரு சாயங்காலத்துலயே கம்பளியில அவங்க அடுப்புப் புகை வாசம் ஏறியிருக்கு. கதகதப்பா இருக்கு.