தாழ்ப்பாள் கழற்றிய கதை

என் குறட்டையோடு குடித்தனம் நடத்தும் புண்ணியவதிக்கு,

மானம் போன கதையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேற்று மத்தியானம் பல்கலைக்கழக அறையில் நான் வாயைப் பிளந்துகொண்டு தூங்கியதை, மாணவிகள் கண்காட்சி போலப் பார்த்துவிட்டுப் போனார்கள். எல்லாம் எங்கள் புகார்க் குழு செய்த வேலை. இனி எந்தப் பேராசிரியர் அறைக்கும் தாழ்ப்பாள் கிடையாது, கதவு திறந்தே இருக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டோம்.

தச்சர் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தவர், "சார், பாத்ரூமையாவது விட்டு வைக்கலாமா?" என்றார். நான் சிரித்தேன். குழுத் தலைவி அம்மாள், "பாத்தீங்களா, எவ்வளவு சீக்கிரம் நடவடிக்கை எடுத்துட்டோம்!" என்று எல்லாருக்கும் டீ வரவழைத்தார். நான் இரண்டு கப் குடித்தேன்.

புகார் கொடுத்த அந்த ஆராய்ச்சி மாணவி என்ன ஆனாள் என்று நீ போனில் கேட்டாய். சிக்னல் இல்லை என்றேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

தன்மேல் கைவைத்த ஆய்வு வழிகாட்டிப் பேராசிரியரை மாற்றித் தரும்படி அவள் கேட்டாள். "அவரு பெரிய மனுஷர்மா. அதான் கதவுக்கு ஏற்பாடு பண்ணியாச்சே, தைரியமா போ" என்று தலைவி அம்மாள் அவரிடமே திருப்பி அனுப்பினார். நானும் தலையாட்டினேன். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. அவளுடைய ஸ்வெட்டர் ஆய்வகத்து நாற்காலியில் அப்படியே தொங்குகிறது.

விசாரணையில் அவள் முதன்முதலில் வாய் திறந்து சொன்னதே, அன்றைக்குக் கதவு திறந்துதான் இருந்தது என்பதுதான்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்