அறுந்துபோகாத பொத்தான்

என் அருமை மைனாவுக்கு,

சித்தப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம் என்றுதான் முதல் வரியில் எழுதவேண்டும், எழுதிவிட்டேன். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு குளிரில் போய்வருகிறாய் என்று நம்புகிறேன். அப்பாவைக் கடைசியாகப் பார்க்க வந்துவிட்டு நீ விமானம் ஏறி ஐம்பது நாள் ஆகிறது. அம்மா சாப்பிடுகிறார், தூங்குகிறார். நானும் அப்படித்தான்.

பிளாண்ட் பழையபடி ஓடுகிறது. மூடிப்போன சுரங்கத்திலிருந்து வரும் அமிலத் தண்ணீர் நிற்பதாயில்லை, செங்கல் கரைத்த நிறம், காலையில் ஒரு ஆணியைப் போட்டால் சாயங்காலம் ஆணி இருக்காது, ஒருமுறை என் கடப்பாரையையே தின்றுவிட்டது. அதைக் காற்றுப் புகாத தொட்டிக்குள் விடுவோம். அங்கே மரத்தூளும் சாணியும் சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகும் தின்று வாழும் கிருமிகள் தண்ணீரிலுள்ள கந்தக உப்பை நாற்ற வாயுவாக மாற்றும், அந்த வாயு தாமிரத்தையும் துத்தநாகத்தையும் பிடித்துக் கறுப்புச் சேறாக அடியில் உட்காரவைக்கும். தண்ணீர் தெளிந்து ஆற்றுக்குப் போகும், சேறு காய்ந்து உலோகம் உருக்கும் ஆலைக்குப் போகும். இதைப் பலகையில் எழுதிக்காட்ட இன்ஜினியரம்மாவுக்கு அரை நாள் ஆயிற்று, எட்டாம் வகுப்போடு நின்ற நான் நாலு வரியில் சொல்லிவிட்டேன் பார். அத்தனை கோடிக் கிருமிக்கும் நான்தான் சமையல்காரன். தொட்டி மூடியில் மூக்கை வைத்தே எது பசியாயிருக்கிறது, எதற்கு அஜீரணம் என்று சொல்லிவிடுவேன். ஆராய்ச்சிக்கு வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் என் மூக்கைப் பக்கவாட்டில் போட்டோ எடுத்துப்போனார், ஏதாவது புத்தகத்தில் வந்திருக்கும், அங்கே விசாரித்துப்பார். மூக்கர் என்று எனக்குப் பட்டம் கொடுத்ததே உன் அப்பாதான்.

அந்த மூக்கு இப்போது வேலை செய்யவில்லை. நேற்றுப் பால் அடிப்பிடித்துக் கருகியது, பக்கத்து வீட்டுத் தையல்காரர் சுவரைத் தட்டிச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. சரியாகிவிடும் என்கிறார் டாக்டர். ஆகாவிட்டாலும் ஒன்றுமில்லை.

மூன்றாம் தொட்டியின் சேற்றுக் குழியில் அடைப்பெடுக்க உன் அப்பா விஷவாயு அளக்கும் மீட்டர் இல்லாமல் அவசரப்பட்டு இறங்கினார், நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன், பொத்தான் அறுந்து என் கையோடு வந்தது, ஆள் போய்விட்டார் என்று விசாரணையில் சொன்னேன். உன்னிடமும் அப்படித்தான் சொன்னேன். கேட்டவர்கள் எல்லாரும் அழுதார்கள். உன் அம்மா தட்டு வைக்கும்போதெல்லாம், எதுலதான் அவசரப்படல அந்த மனுஷன் என்று போனவரையே திட்டிக்கொண்டிருந்தார். விசாரணைக்காரர்கள் வைத்திருந்த துணிமணி போன வாரம் திரும்பி வந்தது. அம்மா சட்டையைத் துவைத்து, உலர்த்தி, மடிக்கும்போது மேலிருந்து கீழே விரல் வைத்துக்கொண்டே வந்தார்.

"ஏழு பொத்தானும் இருக்கே தம்பி" என்றார்.

அவ்வளவுதான். சட்டையை அலமாரியில் வைத்துவிட்டுக் காய் நறுக்கப் போய்விட்டார். அன்றிலிருந்து அப்பாவைத் திட்டுவதில்லை. என்னோடு பேசுவதுமில்லை, தட்டு மட்டும் நேரத்துக்கு வருகிறது.

நடந்ததைச் சொல்கிறேன் மைனா. குழியின் மூடியைத் திறந்து நான்தான் முதலில் குனிந்தேன். அழுகிய முட்டை வாடை குப்பென்று வந்தது, அடுத்த மூச்சில் நின்றுபோயிற்று. மீட்டரை எடுத்துட்டு வரேன்டா என்றார் உன் அப்பா. ஷெட் இருநூறு அடி தள்ளி. எதுக்குண்ணா, வாடையே இல்ல, இறங்கு என்றேன். மூக்கர் சொன்னா அப்பீல் ஏது என்று சிரித்துக்கொண்டே ஏணியில் கால் வைத்தார். நாலாவது படியில் கை விட்டுப்போய் உள்ளே விழுந்தார். வாயு அதிகமானால் முதலில் மூக்கு மரத்துவிடும், வாடை சட்டென்று நின்றால் ஓடிவிடுங்கள் என்று இன்ஜினியரம்மா வகுப்பில் சொன்னதுதான். அதெல்லாம் மத்தவங்க மூக்குக்குத்தாம்மா என்று சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தவன் நான். சட்டையை நான் தொடவேயில்லை. மேலே நின்று கத்தினேன்.

அலுவலகத்திலிருந்து உனக்கு ஒரு காகிதம் வரும். விதியை மீறி இறங்கியது இறந்தவர் தவறு என்று அதில் இருக்கும், மகள் என்று உன் கையெழுத்தைக் கேட்பார்கள். போடாதே. திங்கட்கிழமை இன்ஜினியரம்மாவிடம் போய் இதை இப்படியே எழுதிக்கொடுக்கப் போகிறேன். நான் கொடுக்கவில்லை என்று யாராவது சொன்னால் இந்தக் கடிதத்தைக் காட்டு. அப்புறம் என்னை என்ன செய்வார்களோ செய்யட்டும்.

மேலே எழுதியதையெல்லாம் உன் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார். பிறகு, நாலு மணிக்குத் தபால் எடுத்துருவாங்க தம்பி, சீக்கிரம் போய்ப் போட்டுட்டு வாங்க என்றார். ஒரு வாரத்தில் என்னிடம் பேசியது இதுதான்.

நீ நோய்நொடி இல்லாமல் நூறு வயது இரு. அங்கே கேஸ் அடுப்பு வைத்திருக்கிறாய், வாடை வரவில்லையே என்று இருந்துவிடாதே, திருகு மூடியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்துவிட்டுப் படு.

இப்படிக்கு,
உன் சித்தப்பா