உன் மானத்தை எழுதியவன்

அம்மா, என் தங்கமே,

நீ கண்ணை மூடி எட்டு மாசம் ஆகிறது. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. நீ வேலை பார்த்த லாட்ஜில் ரூம் கிடைக்காமல் கார்கள் ரோட்டிலேயே நிற்கின்றன. ஒரு புதுச் செய்தியும் இருக்கிறது. என் வலைப்பூவில் வந்ததையெல்லாம் புத்தகமாகப் போட ஒரு பதிப்பகத்தார் கேட்டார்கள். முதல் கட்டுரையாக எதை வைக்கப் பார்த்தார்கள் தெரியுமா? நீ கொண்டுவந்த சோப்பை.

அதை எழுதியபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆட்கள் காலி செய்துவிட்டுப் போன ரூம்களை நீ கூட்டிக் கழுவியதையும், அவர்கள் விட்டுப்போன பாதி சோப்புகளை முந்தானையில் முடிந்து வந்ததையும், அதைத் தேய்த்துக் குளித்து நான் பள்ளிக்கூடம் போனதையும் ஒளிவுமறைவில்லாமல் எழுதினேன். கண் கலங்கிவிட்டது, எவ்வளவு நேர்மை என்று கமெண்ட் குவிந்தது. ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்கத் தோன்றவே இல்லை. லாட்ஜ் ஆபீஸில் இருப்பதாகத்தான் தெருவில் சொல்லி வைத்திருந்தாய். அந்த ஒரு பொய்யை வைத்துக்கொண்டு இருபது வருஷம் தலைநிமிர்ந்து தண்ணிக்குழாய்க்குப் போனவள் நீ. ஒரே கட்டுரையில் அதை உடைத்துப் போட்டேன்.

லாட்ஜ் மேனேஜர் போனுக்கும் அது போயிற்று. திட்டியிருந்தால்கூடத் தேவலை. எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டே, "என்ன யக்கா, இன்னைக்கு எத்தன சோப்பு தேறிச்சு?" என்று கேட்டாராம். மறுநாள் நீ வேலைக்குப் போகவில்லை. அப்புறம் போகவே இல்லை.

நான் என்ன செய்தேன்? உண்மையைத்தானே எழுதினேன் என்று உன்னிடமே வாதாடினேன். உழைப்பில் என்ன கேவலம் என்று பிரசங்கம் வேறு. அரிசி களைந்துகொண்டே நீ சொன்னாய்: "எழுதுனது எல்லாம் நெசந்தாம்ல. ஆனா பூரா என் மானமால்லா இருக்கு. உன் மானத்த எங்கலே வச்சிருக்கே?"

எதைச் சொல்கிறாய் என்று எனக்குத் தெரிந்தது. தெரியாத மாதிரி சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

நீ போன பிறகும் எழுதினேன். அதிலும் உன் தியாகம், என் கண்ணீர். வெட்கங்கெட்டவன். நேர்மையானவன் என்று பேர் வாங்கினவன் எதை எழுதுவான் தெரியுமா அம்மா? தனக்கு நல்ல பேர் வாங்கித் தரும் உண்மையை மட்டும்தான். வறுமையை எழுதலாம், அழுததை எழுதலாம், சின்னத் தப்புகளைக்கூட ஒத்துக்கொள்ளலாம். யாரும் மெச்சாத உண்மை பக்கத்தில் வந்தால் கை தானாக நின்றுவிடுகிறது.

நேற்று பதிப்பகத்தாரிடம் சோப்பை எடுத்துவிடச் சொன்னேன். "சார், அதுதான் புத்தகத்தோட உயிரே" என்றார். அப்படியானால் புத்தகமே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது ஒன்றும் பெரிய காரியமில்லை. இனி எழுதப்போவதுதான் கஷ்டம். காலையிலிருந்து நாலு தடவை எழுதி அழித்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் நான் கொஞ்சம் நல்லவனாகவே வந்து நிற்கிறேன்.

காலேஜில் இரண்டாம் வருஷம். தென்காசி பஸ் ஸ்டாண்டில் மூன்று நண்பர்களோடு நின்றிருந்தேன். வேலை முடிந்து ஈரச் சேலையோடு வந்த நீ என்னைப் பார்த்ததும், "ஏலே, சாப்டியா?" என்றாய். யாரென்று அவர்கள் கேட்டார்கள். "எங்க வீட்டு வேலைக்காரம்மா" என்றேன்.

உனக்குக் கேட்டது. ஒரு எட்டு பின்னால் நகர்ந்து நின்றுகொண்டு, "அம்மா தேடுதாங்க தம்பி, சீக்கிரம் வீட்டுக்கு வாங்க" என்றாய். நான் ஏறின பஸ்ஸில் நீ ஏறவில்லை. அடுத்த பஸ்ஸில் வந்து, எனக்குச் சோறு போட்டாய்.

அந்த மூன்று பேரையும் நான் ஒருநாளும் நம் வீட்டுக்குக் கூட்டி வந்ததில்லை. இந்தக் கடிதத்தை அவர்களுக்கு நானே அனுப்புவேன், அம்மா. அந்த அம்மா யாரென்று ஒவ்வொருவனிடமும் என் வாயாலேயே சொல்லுவேன். இது சத்தியம்.

உன் மகன்,
கணேசன்