கொழும்பு வழியாக வந்த பெயர்

பெருமதிப்பிற்குரிய அண்ணன் சன்னாசி அவர்களுக்கு, உடன்பிறந்த தங்கை பாக்கியம் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்கள் மறைந்து ஓராண்டு கடந்த பின்னரே இக்கடிதத்தை எழுத முற்பட்டேன். இத்தாமதத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன். தாங்கள் காலமான திதி இன்னதென்று எங்களுக்குத் தெரியாது. ஆகவே ஆடி அமாவாசையன்று தங்களுக்கு இலை போட்டுப் படைத்தோம். அதன் பிறகே பேனாவைத் தொட எனக்கு மனம் வந்தது.

அம்மா இருக்கிறார். நலம் என்று எழுதுவதே மரபு. அச்சொல்லை எழுதக் கை வரவில்லை. ஆதலால் இருக்கிறார் என்று மட்டும் எழுதுகிறேன்.

தாங்கள் இருக்கும் இடத்துக்குத் தபால் இல்லை என்பதை அறிவேன். அதனால் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். நம் வீட்டுச் சேதியை ஊரார் படிக்கலாமா என்று தாங்கள் வினவலாம். முன்பும் நாம் ஊரெல்லாம் கேட்கும்படிதானே பேசிக்கொள்ள ஏற்பாடு செய்தோம்?

கோல சிலாங்கூர்ப் பட்டணத்தில் தாங்கள் வாங்கி வந்த அந்தப் பழைய வானொலிப் பெட்டியை நினைத்துக்கொள்கிறேன். நம் லயத்து வரிசை வீட்டுக் கூரையிலிருந்து தென்னை மரத்துக்குக் கம்பி இழுத்துக் கட்டினீர்கள். பக்கத்திலிருக்கும் கோலாலம்பூர் கரகரத்தது. கடலுக்கு அப்பாலுள்ள கொழும்போ, பொழுது சாயும் வேளையில் அடுத்த வீட்டிலிருந்து பேசுவதுபோல் கேட்டது. “பக்கத்துல நின்னு மண்டோரு கத்துறாரு, ஒண்ணும் புரியல. எங்கியோ இருக்கிறவன் மெதுவாப் பேசுறான், எல்லாம் புரியுது” என்று சொல்லிவிட்டு, நம்மை வேலை வாங்கும் மண்டோர் காதில் விழுந்ததா என்று வெளியே எட்டிப் பார்த்தீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் நேயர்களின் பெயர்களை வாசித்து, அவர்கள் விரும்பிய பாட்டைப் போடுவார்கள். லயத்தார் எல்லோரும் பாட்டுக்காகக் காத்திருப்பார்கள். நான் பெயர்களுக்காகக் காத்திருப்பேன். திருச்சி, பினாங்கு, ரங்கூன், டர்பன் என்று ஊர்கள் வரும். யாரோ ஒருவர் யாரோ ஒருவரை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பதை நம் ஜெரம் கடற்கரை ரப்பர்த் தோட்டத்தில் உட்கார்ந்து கேட்பது எனக்குப் பெரிய கௌரவமாக இருந்தது.

அந்தப் பெட்டிக்குச் சோறு பேட்டரி. சனிக்கிழமைதோறும் அனுமதிச் சீட்டோடு தோட்டத்து லோரியில் ஏற்றி, பட்டணத்துக் கடையில் சார்ஜ் செய்து கொண்டுவருவது நம் வழக்கம். அந்தச் சனிக்கிழமை லோரி பழுதாகிவிட்டது. மறுநாள் ஞாயிறு. தாங்கள் பேட்டரியைச் சைக்கிளின் பின்னால் கட்டினீர்கள். மழை தூறியதால் மேலே ஒரு சாக்கைப் போர்த்தினீர்கள். சீட்டு லோரிக்காரரிடம் இருந்தது.

சாலைத் தடுப்பில் மழைக்குப் போர்த்திய சாக்கு, மறைக்கப் போர்த்திய சாக்காயிற்று. பேட்டரி காட்டில் ஒளிந்து சர்க்காரை எதிர்ப்பவர்களுக்குப் போகிறது என்றார்கள். லோரிக்காரர் சாட்சி சொன்னார், மண்டோரும் சொன்னார். அவசரகாலத்தில் சாட்சிக்கு மதிப்பில்லை. பெட்டியையும் வந்து எடுத்துப் போனார்கள். கைக்குழந்தையாக அம்மாவின் மடியில் கப்பலேறி வந்தவரை, பிறந்த நாட்டுக்கே திருப்பி அனுப்புவதாக உத்தரவு வந்தது. நான் இங்கே பிறந்தவள் என்பதால் எனக்கு அந்த நாடும் இல்லை.

தடுப்பு முகாமில் தங்களைப் பார்க்க ஒரே ஒரு முறை அனுமதித்தார்கள். கம்பி வலைக்கு இப்புறம் நின்று, “தாங்கள் உடல்நலத்தைப் பேணிக்கொள்ள வேண்டும்” என்றேன். தாங்கள் சிரித்துவிட்டீர்கள்.

“பேப்பரு படிக்காத, தங்கச்சி. பேசு.”

எனக்குப் பேச வரவில்லை. மளிகைப் பொட்டலம் சுற்றி வந்த பத்திரிகைத் தாள்களைப் பிரித்துப் பிரித்து நானாகக் கற்ற தமிழ் என்னுடையது. அழுகை வரும்போது அந்தத் தமிழ்தான் என்னைத் தாங்கிப் பிடிக்கிறது. அதை விட்டால் விழுந்துவிடுவேன் என்று அன்று தங்களிடம் சொல்லவில்லை.

“இங்க பாரு,” என்றீர்கள். “நான் கடுதாசி போட்டா பிரிச்சுப் படிப்பானுங்க. அப்புறம் உன்னியும் கூப்புட்டு வச்சுக் கேப்பானுங்க. அது வேணாம். நான் எந்த ஊர்ல கெடப்பேன்னும் தெரியாது. கொழும்பு இருக்குல்ல? அது அந்தப் பக்கமும் கேக்கும், இந்தப் பக்கமும் கேக்கும்லா. எம் பேரச் சொல்லி ஒரு பாட்டு கேளு. நானும் உம் பேரச் சொல்லிக் கேக்குறேன். பேரு வந்துச்சுன்னா ஆளு நல்லாருக்குன்னு அர்த்தம்.”

“எந்தப் பாட்டைக் கேட்பது?”

“எதுவா இருந்தா என்ன. பேருதான் முக்கியம்.”

அண்ணா, அதைவிட நல்ல யோசனை எவருக்கும் தோன்றியிருக்காது. இன்றும் அதில் நான் குறை காணவில்லை.

கப்பல் போயிற்று. லயத்தைச் சுற்றி முள்வேலி உயர்ந்தது. கம்பத்தில் ஒலிபெருக்கி கட்டினார்கள். அதில் ஒரே நிலையம் மட்டும் வரும். திருகுவதற்குக் குமிழ் இல்லை. கொழும்பு கேட்கவேண்டுமானால் வேலிக்கு வெளியே, தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி ஐயா வீட்டுக்குத்தான் போகவேண்டும். கிராணியம்மா யாழ்ப்பாணத்தவர் என்பதால் அந்த வீட்டில் ஞாயிறு மாலை கொழும்பைத் தவிர வேறெதுவும் பாடாது. நான் அடுப்படி வாசலில் போய் நின்றேன்.

“சும்மா நில்லாதையும் பிள்ளை. இந்த முருங்கையிலையை ஆய்ஞ்சபடி கேளும்” என்றார்.

அன்று முதல் ஞாயிறுதோறும் கீரை ஆய்ந்தேன். கொழும்புக்கு மூன்று அஞ்சலட்டைகள் எழுதினேன். “மலாயா நாட்டுப் பாக்கியம், நாகப்பட்டினத்துக்கு வந்து சேர்ந்த அண்ணன் சன்னாசிக்காக விரும்பிக் கேட்பது” என்று மட்டும் எழுதி, பாட்டின் பெயருக்குரிய இடத்தில் “தங்கள் விருப்பம்போல்” என்று குறித்தேன். ஆனால் பெயர்கள் வாசித்து முடிவதற்குள் ஊரடங்குச் சங்கு ஊதிவிடும். வாயில் அடைக்கப்படும் முன்பு நான் வேலிக்குள் திரும்பியாக வேண்டும். ஒரு ஞாயிறுகூட அந்நிகழ்ச்சியை நான் இறுதிவரை கேட்டதில்லை. நான் கிளம்பிய பின்னால் யார் யார் பெயர் வந்ததோ, அவ்வளவும் எனக்கு இல்லாமற் போயிற்று. கிராணியம்மாவும் விளக்கேற்ற எழுந்து போய்விடுவார்.

விடியற்காலைப் பெரட்டில் பெயர் கொடுக்க நிற்கும்போது மண்டோர் கேட்பார்: “என்னா பாக்கியம், இன்னிக்கு எந்த நெரையில பால் வெட்டணும்னு கொழும்புலேருந்து உத்தரவு வந்துச்சா?”

“வந்தவுடன் தங்களுக்கே முதலில் தெரிவிக்கப்படும்” என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். மண்டோரும் சிரிப்பார். அம்மா மட்டும் சிரிக்கமாட்டார். தங்கள் பெயர் காதில் விழும்வரை வெற்றிலை போடுவதில்லை என்று அவர் முனியாண்டி கோயிலில் சத்தியம் செய்திருந்தார்.

சென்ற ஆண்டு ஆடிப் பதினெட்டு கழிந்து வந்த திங்கட்கிழமை, நான் பால் வாளியோடு திரும்பும்போது கிராணியம்மா வாசலுக்கே வந்து நின்றார்.

“பாக்கியம், இஞ்ச வாரும். நேற்று நீர் போன கையோட உம்மட பேர் சொன்னவங்கள்.”

“எம் பேரா, அம்மா?”

“ஓம். கோல சிலாங்கூர், தங்கச்சி பாக்கியத்துக்காக. விரும்பிக் கேட்டவர் அண்ணன் சன்னாசி. ரெண்டு தரம் சொன்னவங்கள்.”

“என்னா பாட்டும்மா?”

“பாட்டு விளங்கேல்லைப் பிள்ளை. ஒரே இரைச்சல். பேர் மட்டும் வடிவா விளங்கினது.”

அன்று நான் ஓடினேன், அண்ணா. பால் சிந்தியது. அம்மாவிடம் சொல்ல எந்தத் தமிழும் நினைவுக்கு வரவில்லை. “வந்துருச்சும்மா, பேரு வந்துருச்சு” என்றேன். அம்மா எழுந்து போய்ப் பக்கத்து வீட்டில் ஒரு வெற்றிலை கேட்டு வாங்கினார்.

முனியாண்டிக்குப் பொங்கல் வைக்கவேண்டும். பங்கீட்டு அரிசியில் மிச்சம் வைக்க இயலாது என்பது தங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு ஒரு பிடி என்று மூன்று லயத்தாரும் கொண்டுவந்து கொட்டினார்கள். மண்டோர் தேங்காய் கொடுத்தார். “பேரு வந்துச்சுல்ல, ஆளும் வந்துருவான்” என்றார். பொங்கல் பொங்கும்போது பெண்கள் குலவையிட்டார்கள். அம்மா வாய் சிவக்கச் சிவக்க நின்றார். அவரை அவ்வளவு அழகாக நான் முன்பு பார்த்ததில்லை.

புரட்டாசியில் காத்தான் வந்தார். தஞ்சோங் காராங் சாலையில் கடை வைத்திருக்கும் அதே காத்தான்தான். நாகப்பட்டினம் பக்கம் ஊருக்குப் போய்க் கப்பலில் திரும்பியிருந்தார். அம்மா அவரை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்து, வெற்றிலைத் தட்டை நீட்டினார்.

“எம் மவன் பேரு ரேடியோவுல வந்துச்சு காத்தா, தெரியுமா? இந்தத் தோட்டத்துல யாரு பேரு வந்திருக்கு?”

“எப்ப ஆத்தா?”

“பதினெட்டாம் பெருக்கு முடிஞ்சு வந்த ஞாயித்துக்கெழமை.”

காத்தான் குவளையைக் கீழே வைத்தார். வெற்றிலையைத் தொடவில்லை. “ஆத்தா, அவன் ஆடி பொறந்த ஒடனே போயிட்டானே. காய்ச்சல்ல. நாந்தான் ஒரு பக்கம் தூக்குனேன்” என்றார்.

அப்போதுதான் எங்களுக்கு விளங்கிற்று. தாங்கள் எழுதிய அட்டை கொழும்பு போய், மற்ற அட்டைகளுக்குக் கீழே தன் முறைக்காகக் காத்திருந்தது. அது காத்திருக்கையில் தாங்கள் போய்விட்டீர்கள். அட்டைக்கு அது தெரியாது. வாசித்தவருக்கும் தெரியாது. தங்களுக்குப் பதினாறாம் நாள் காரியம் நடந்திருக்கவேண்டிய சமயத்தில் நாங்கள் குலவையிட்டுப் பொங்கல் வைத்தோம். வீட்டுக்கு ஒரு பிடியாக வந்த அந்த அரிசியைக் கொடுத்தவர்கள் எவரும் அதன்பின் எங்கள் முகத்தை நேரே பார்க்கவில்லை. குற்றம் அவர்களுடையது என்பதுபோல் நடந்துகொண்டார்கள்.

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “செத்தவன் பேரும் காத்துல வரும்னு ஒருத்தருக்கும் தெரியலயா?” எனக்கும் தெரியவில்லை, அண்ணா. பத்திரிகையில் எவ்வளவோ படித்தேன். இதை எவரும் எழுதவில்லை.

காத்தானிடம் நான் தனியே ஒன்று கேட்டேன். அண்ணன் அங்கே வானொலி கேட்டாரா?

“ஞாயித்துக்கெழம ஆனா டீக்கடைக்கு வந்துருவான். பெட்டிக்குப் பக்கத்துலயே உக்காந்துக்குவான். எதுக்குடான்னு கேட்டா சிரிப்பான்.”

“என் பெயர் வந்ததாகச் சொன்னாரா?”

“அது தெரியலம்மா. சிரிப்பான், அவ்ளோதான்.”

என் மூன்று அட்டைகளில் ஒன்றாவது வாசிக்கப்பட்டதா? தாங்கள் அதைக் கேட்டீர்களா? அல்லது ஒவ்வொரு ஞாயிறும் கடைசிப் பெயர்வரை காத்திருந்து, தங்கைக்கு என்ன ஆயிற்றோ என்ற எண்ணத்தோடு எழுந்து போனீர்களா? காய்ச்சலில் கிடந்தபோது நாங்கள் நலம் என்று தங்களுக்குத் தெரிந்திருந்ததா? எனக்கு வேண்டியது இந்த ஒரு சேதிதான். இதைச் சொல்ல உலகத்தில் தங்களைத் தவிர வேறு எவரும் இல்லை.

இனி இங்குள்ள நிலவரம். எங்கள் பகுதியில் ஊரடங்கை நீக்கிவிட்டார்கள். வேலி நிற்கிறது; வாயில் அடைப்பதில்லை. சங்கு ஊதுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியை முதலிலிருந்து கடைசிவரை என்னால் கேட்க முடிகிறது. திருச்சி, பினாங்கு, டர்பன் எல்லாம் வருகின்றன. பாட்டுகள் வருகின்றன. தாங்கள் கேட்ட பாட்டு இதுவோ அதுவோ என்று ஒவ்வொன்றுக்கும் நிமிர்ந்து உட்காருகிறேன். கிராணியம்மா கீரைக் கட்டை என் பக்கம் நகர்த்துகிறார். மண்டோர் இப்போது என்னைக் கேலி செய்வதில்லை. அது எனக்கு மிகவும் சிரமமாக இருக்கிறது.

அம்மா ஞாயிறு மாலையில் காதைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறார். ஒலிபெருக்கி கம்பத்தில் தானே பேசிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று. கிராணி ஐயாவுக்குக் கலும்பாங் பக்கத்துத் தோட்டத்துக்கு மாற்றல் வந்துவிட்டது. வருகிற ஞாயிறு கழிந்ததும் சாமான்களை ஏற்றுகிறார்கள். பெட்டியும் போகிறது. கூரையிலிருந்து கம்பியைக் கடைசியாக அவிழ்க்கச் சொல்லியிருப்பதாகக் கிராணியம்மா என்னிடம் சொன்னார். புதிதாக வருபவர் வானொலி வைத்திருக்கிறாரா என்று விசாரித்தேன். இல்லை என்றார்கள்.

ஆகையால் தங்களுக்கு ஓர் உறுதி அளிக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்கு முன்பே அந்த அடுப்படி வாசலில் அமர்வேன். கடைசிப் பெயர் வாசிக்கப்பட்டு, கடைசிப் பாட்டு முடிந்து, நிலையத்தை மூடி வெறும் இரைச்சல் வரும்வரை எழுந்திருக்கமாட்டேன். மறைந்தவர் எப்படிப் பதில் அனுப்புவார் என்று இதைப் படிப்பவர்கள் நினைக்கக்கூடும். ஒருமுறை அனுப்பியிருக்கிறீர்கள். கிராணியம்மா கேட்டிருக்கிறார்.

எந்தப் பாட்டாயினும் சரி. பெயர் மட்டும் போதும். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் தரவும்.

இப்படிக்கு,
தங்கள் உடன்பிறந்த தங்கை,
பாக்கியம்,
இரண்டாவது லயம்.